‘0–0–1’ எனும் குறிப்பின் பொருள்: ஆல்ஃபா தடுப்பு மருந்துகளை அறிவோம்

மருந்துச் சீட்டில் மருத்துவர் எழுதும் ‘1–0–1’, ‘0–0–1’ போன்ற குறிப்புகளை நம்மில் அறியாதவர் அரியர். முதல் எண் காலையையும், நடு எண் நண்பகலையும், இறுதி எண் இரவையும் குறிக்கும். பல மருந்துகளுக்கு இந்த அளவு அறிந்திருந்தாலே போதும். ஆனால் ஆல்ஃபா தடுப்பு மருந்துகள், அதாவது ஆல்ஃபா பிளாக்கர்கள், என்னும் பிரிவைச் சேர்ந்த மாத்திரைகளுக்கு அது போதாது. அந்த இறுதி ‘1’ எதற்காக எழுதப்பட்டது என்னும் காரணத்தையும் நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். எண்ணூர்ப் பகுதியில் ஓர் ஆலையில் இரவு முறைப்பணி செய்யும் 56 வயதான ஒருவருக்குச் சிறுநீர் தடைப்பட்டு வருகிறது. மருத்துவர் பரிசோதித்து, புராஸ்டேட் வீக்கம் எனக் கண்டு, ‘0–0–1’ என்று ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். அவர் சொன்னபடியே இரவு ஒன்பது மணிக்கு உணவருந்தி, மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் பணிக்குச் செல்கிறார். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் இருக்கையிலிருந்து எழுந்து இரும்புப் படிகளில் ஏறும்போது கண் இருள்கிறது; நிலைதடுமாறி விழுகிறார். அவர் சீட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர். ஆயினும் அவர் உறங்கும் நேரம் பகல் என்பதை மருத்துவரும் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை.

இது விளக்கத்திற்காக அமைத்த சூழலே. ஆனால் மூன்று முறைப்பணிகளில் இயங்கும் ஆலைகளும், இரவு பகல் ஓயாத துறைமுகங்களும், விடியுமுன்னே விழிக்கும் மீன்பிடித் துறைமுகமும் கொண்ட இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. ஆகவே இவ்விதழில் இம்மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

உடலில் இம்மருந்து என்ன செய்கிறது?

நாம் படுக்கையிலிருந்து எழும்போதும், அஞ்சும்போதும், ஓடும்போதும் நம் உடல் நார்அட்ரினலின், அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. இவை இரத்தக் குழாய்களின் சுவரிலும், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும், புராஸ்டேட் சுரப்பியிலும் உள்ள ‘ஆல்ஃபா ஏற்பிகள்’ என்னும் நுண்ணிய அமைப்புகளில் சென்று பொருந்துகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதைப் போன்றது இது. சாவி பொருந்தியதும் அங்குள்ள தசைநார்கள் சுருங்குகின்றன. குழாய் குறுகுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, சிறுநீர்ப்பையின் வாயில் இறுகுகிறது.

உடலில் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அறிவியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இன்று இதய நோயாளிகள் பலர் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு மருந்துகளும், நாம் இங்கே பேசும் ஆல்ஃபா தடுப்பு மருந்துகளும் அந்தக் கருத்திலிருந்து பிறந்தவையே. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு பணி செய்பவை.

ஆல்ஃபா தடுப்பு மருந்து, பூட்டின் துளையில் தானே சென்று அமர்ந்துகொள்கிறது. சாவி பொருந்த இடமில்லாமற் போகிறது. தசைநார்கள் தளர்கின்றன. சிறுநீர் தடையின்றி வெளியேறுவதும், இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறைவதும் இதனாலேயே. நன்மையும் பக்கவிளைவும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை மனத்தில் கொண்டால் இக்கட்டுரையின் பிற பகுதிகள் எளிதில் விளங்கும்.

எந்தெந்த நோய்களுக்கு வழங்கப்படுகின்றன?

முதலாவது, புராஸ்டேட் வீக்கம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இச்சுரப்பி வயது ஏற ஏறப் பெருக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் தொடங்கியிருக்கும். எண்பதைக் கடந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு உண்டு. பெருத்த சுரப்பி குழாயை நெருக்குவதால் சிறுநீர் மெல்லிய தாரையாக வருதல், தொடங்கத் தாமதமாதல், கழித்த பின்னும் மீதமிருப்பது போன்ற உணர்வு, இரவில் பலமுறை எழ நேர்தல் ஆகியவை தோன்றுகின்றன.

டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் ஆகியவை இதற்காக இன்று மிகுதியாக வழங்கப்படுபவை. டாம்சுலோசினும் சைலோடோசினும் பெரும்பாலும் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் உள்ள ஏற்பிகளையே நாடுகின்றன. இரத்த அழுத்தத்தை ஒப்பீட்டளவில் குறைவாகவே தொடுகின்றன. பிரசோசின், டெரசோசின், டாக்சசோசின் ஆகியவை இரத்தக் குழாய்களின் மீதும் வலுவாகச் செயற்படுபவை.

இம்மருந்துகள் சில நாள்களிலேயே பயன் தரத் தொடங்கும். ஆனால் அவை சுரப்பியைச் சுருக்குவதில்லை. இறுக்கத்தைத் தளர்த்துவதோடு அவற்றின் பணி முடிகிறது. சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ஆகியவை வேறு பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் முழுப் பயன் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை வழங்கப்படுவதுண்டு. அத்தகைய வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், உடைந்த அல்லது கசிந்த மாத்திரையை அவர் கையால் தொடாதிருக்க வேண்டும். அது வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

இரண்டாவது, உயர் இரத்த அழுத்தம். ஒரு காலத்தில் இதற்கான முன்வரிசை மருந்துகளுள் ஆல்ஃபா தடுப்பு மருந்துகளும் இருந்தன. 1994இல் வட அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஆல்ஹாட்’ என்னும் பேராய்வு அந்நிலையை மாற்றியது. டாக்சசோசின் உட்கொண்ட பிரிவினருக்கு, குளோர்தாலிடோன் என்னும் சிறுநீர்பெருக்கி உட்கொண்டவர்களைக் காட்டிலும் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டதால், 2000ஆம் ஆண்டில் அப்பிரிவு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று இவை அழுத்தத்திற்கான முதல் மருந்தாகத் தரப்படுவதில்லை. வேறு மருந்துகளால் அழுத்தம் கட்டுப்படாதபோது கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன; சிறுநீரக நோயாளிகள் பலருக்கு இவ்வாறே வழங்கப்படுகின்றன.

மூன்றாவது, சிறுநீர்க்குழாய்க் கல். வெப்பத்தில் உழைத்து, தேவையான நீர் அருந்தாதவர்களுக்குச் சிறுநீரகத்தில் கல் உருவாகும் வாய்ப்பு மிகுதி. அக்கல் நழுவிக் குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கும்போது, குழாயைத் தளர்த்தி அது வெளியேற உதவும் நோக்கில் டாம்சுலோசின் தரப்படுவதுண்டு. 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான கற்களுக்கே இதனால் பயன் மிகுதி. பெண்களுக்கும் இது வழங்கப்படும். ‘ஆண்களுக்கான புராஸ்டேட் மாத்திரையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்களோ’ என அஞ்சி நிறுத்திவிடும் பெண்கள் இதனை அறிய வேண்டும்.

நான்காவது, அட்ரினல் சுரப்பியில் அரிதாகத் தோன்றும் ‘ஃபியோக்குரோமோசைட்டோமா’ என்னும் கட்டி. இக்கட்டி அட்ரினலினைத் திடீர் திடீரெனப் பெருமளவில் சுரந்து, தலைவலி, வியர்வை, படபடப்புடன் அழுத்தத்தை உயர்த்தும். அறுவைச் சிகிச்சைக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பிருந்தே ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து உடலை ஆயத்தப்படுத்துவர்.

தேள்கடியும் ஒரு கிராம மருத்துவரும்

இம்மருந்தின் வரலாற்றில் இந்தியாவிற்கெனச் சிறப்பான ஓர் அத்தியாயம் உண்டு. நம் நாட்டுச் செந்தேளின் அறிவியற் பெயரின் பிற்பகுதி ‘தமுலஸ்’ என்பதாகும். 1798இல் ஃபப்ரீசியஸ் என்னும் ஐரோப்பிய அறிஞர் சூட்டிய அப்பெயரில் தமிழ் நிலத்தின் நினைவு பொதிந்திருக்கிறது. இத்தேளின் நஞ்சு உடலில் அட்ரினலின் வகைப் பொருள்களைப் பெருவெள்ளமெனப் பாயச் செய்கிறது. கைகால்கள் குளிர்ந்து, வியர்த்து, அழுத்தம் உயர்ந்து, பின்னர் இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. குழந்தைகள் பலர் இவ்வாறு உயிரிழந்தனர்.

மராட்டிய மாநிலத்தின் இராய்கட் மாவட்டத்தில், மகாட் வட்டாரத்தில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இத்துயரைக் கண்கூடாகக் கண்டவர். வெள்ளம் அட்ரினலினால் வருகிறதெனில், அதன் பூட்டை அடைக்கும் மலிவான பிரசோசின் மாத்திரை பயன்படுமே என அவர் சிந்தித்துக் கையாண்டார். 1986ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அம்முயற்சியின் பயன் வெளியாயிற்று. பின்னர் தேள் முறிமருந்தும் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தரும்போது நோயாளி விரைவில் தேறுகிறார் என்பதை அவரது குழுவினரின் ஆய்வு 2011இல் காட்டியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கும் ஒரு பாடம் உண்டு. தேள் கடித்த குழந்தைக்குப் பிரசோசின் தந்த பின், அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அக்குழந்தையைத் தூக்கக்கூடாது, படுத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியிருக்கிறார். உயிர் காக்கும் அதே மாத்திரை, நிமிர்த்தினால் அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும். ஆகவே வீட்டில் இருக்கும் பிரசோசினைத் தேள்கடிக்குத் தாமாகக் கொடுப்பது கூடாது. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருவதே முறை.

முதல் மாத்திரையும் முதல் இரவும்

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகிறது. உடனே ஆல்ஃபா ஏற்பிகள் தூண்டப்பட்டு, குழாய்கள் சுருங்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கின்றன. இது நாம் அறியாமலே நாள்தோறும் நடப்பது. ஆல்ஃபா தடுப்பு மருந்து இந்தக் காவலைத் தளர்த்துகிறது. எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளிகள் குறைந்தால், அதனை ‘நிலைமாற்றத் தாழழுத்தம்’ என்பர். தலைசுற்றல், கண் இருளல், சில வேளைகளில் மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

முதல் மாத்திரைக்குப் பின்னரும், அளவை உயர்த்தியபோதும், சில நாள் விட்டு மீண்டும் தொடங்கும்போதும் இது மிகுதியாக நிகழும். எனவேதான் பிரசோசின் போன்றவற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கி, படுக்கைக்குச் செல்லும் வேளையில் உட்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே ‘0–0–1’ இன் உட்பொருள் ‘உறங்கப் படுக்கும் வேளை’ என்பதே. கடிகாரம் காட்டும் இரவு உங்கள் உறக்க வேளையாக இல்லாதபோது, அதனை மருத்துவரிடம் கூறிவிடுங்கள்.

நீரிழிவு நோயாளிகள், எழுபது வயதைக் கடந்தோர், வேறு அழுத்த மாத்திரைகளோ சிறுநீர்பெருக்கிகளோ உட்கொள்வோர், வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சலால் உடல் நீர் வற்றியோர் ஆகியோருக்கு இவ்விளைவு கூடுதலாகத் தோன்றும். மது அருந்தினால் மேலும் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் உலைக்களத்திலோ கப்பல் தளத்திலோ வியர்வை சிந்தி உழைப்பவர்களும் இக்கணக்கில் அடங்குவர்.

பணியின் தன்மைக்கேற்ற எச்சரிக்கை

இரவு முறைப்பணியாளர்: பணி முடிந்து வந்து, காலை உணவருந்தி உறங்குபவராயின், மாத்திரை வேளையை அதற்கேற்ப மாற்றி எழுதித் தருமாறு கேளுங்கள். முறைப்பணி வாரந்தோறும் மாறுமாயின் அதனையும் கூறுங்கள். இரத்த அழுத்தத்தைக் குறைவாகத் தொடும் மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கக்கூடும். தாமாக வேளையை மாற்றி, ஒரே நாளில் இரு மாத்திரை விழுங்கும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

உயரத்தில் பணிபுரிவோர்: பளுதூக்கிக் கூண்டு, கொதிகலன் மேடை, சாரம், கப்பல் ஏணி ஆகியவற்றில் ஏறுபவர்கள், மருந்து தொடங்கும் நாள்களிலும் அளவு உயர்த்தப்படும் நாள்களிலும் தரைமட்டப் பணி கோருவது நலம். அதற்கான மருத்துவக் குறிப்பை எங்களிடம் கேட்டுப் பெறலாம். இதில் கூச்சப்பட ஏதுமில்லை.

லாரி ஓட்டுநர்: துறைமுக வாயிலுக்கு வெளியே கன்டெய்னர் லாரியில் மணிக்கணக்கில் காத்திருப்போர் சிறுநீரை அடக்கிக்கொள்வதும், அதற்கென்றே நீர் அருந்தாதிருப்பதும் வழக்கமாகிவிட்டது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இவ்விரண்டும் தீங்கு. மருந்து தொடங்கிய முதல் நாளிலும் அளவு மாறிய நாளிலும் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும். பின்னரும் தலைசுற்றல் தொடருமாயின், ஓட்டுவதற்கு முன் மருத்துவரைக் காணவும்.

கடல் தொழிலாளர்: காசிமேட்டிலிருந்து விசைப்படகில் சென்று பல நாள்கள் கடலில் தங்குவோர், மாத்திரையைக் கரையிலேயே விட்டுச் செல்வதுண்டு. ஒரு வேளை மறந்தால் பெரிய தீங்கில்லை; அடுத்த வேளைக்கு வழக்கமான அளவையே உட்கொள்ளலாம், இரட்டிப்பாக்கக் கூடாது. பல நாள்கள் விட்டுப்போயிருந்தால் நிலைமை வேறு. உடல் பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவையே மீண்டும் விழுங்கினால் அது முதல் மாத்திரையைப் போலவே செயற்படும். மருத்துவரைக் கேட்டுத் தொடக்க அளவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். படகு ஆடும்போது விளிம்பில் நின்று சிறுநீர் கழிப்பது எவருக்கும் ஆபத்து. இம்மாத்திரை உட்கொள்பவருக்கு அது இருமடங்கு ஆபத்து.

யார் யாரிடம் சொல்லிவைக்க வேண்டும்?

கண் மருத்துவரிடம்: கண்ணின் கருவிழிப் படலத்திலும் ஆல்ஃபா ஏற்பிகள் உண்டு. டாம்சுலோசின் உட்கொள்பவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது அப்படலம் தளர்ந்து அலைபாய்வதையும், பாவை சுருங்கிவிடுவதையும் 2005ஆம் ஆண்டில் மருத்துவர்கள் விவரித்தனர். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் தக்க ஆயத்தத்துடன் பாதுகாப்பாகச் செய்து முடிப்பார். தெரியாவிடில் சிக்கல் நேரலாம். மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆனாலும் இவ்விளைவு நீடிக்கக்கூடும். ஆகவே 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் சென்றாலும், அருகிலுள்ள கண் சிகிச்சை முகாமுக்குச் சென்றாலும், ‘சிறுநீருக்காக இந்த மாத்திரை உட்கொள்கிறேன்’ அல்லது ‘முன்னர் உட்கொண்டேன்’ என்று கூறுங்கள். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

இரத்த அழுத்த மருந்து தருபவரிடம்: நம் பகுதியில் பலர் அழுத்த மாத்திரையை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வீட்டிலோ பெறுகின்றனர், சிறுநீர் மாத்திரையை வேறு மருத்துவமனையில் பெறுகின்றனர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. இரு சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்து, எங்குச் சென்றாலும் இரண்டையும் காட்டுங்கள்.

மருந்துக்கடையில்: சளிக்கென வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின், குளோர்ஃபெனிரமின் ஆகியவை உள்ளன. முதலிரண்டும் ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டிச் சிறுநீர்ப்பையின் வாயிலை இறுக்குபவை. மூன்றாவது சிறுநீர்ப்பையின் உந்து விசையைக் குறைப்பது. ஒரு சளி மாத்திரையால் சிறுநீர் முற்றிலும் அடைபட்டு நள்ளிரவில் மருத்துவமனைக்கு வர நேரிடலாம். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும், கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஆல்ஃபா தடுப்பு மருந்தின் அளவை உடலில் உயர்த்திவிடக்கூடியவை. தாம்பத்திய உறவுக்கென விற்கப்படும் சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளை மருத்துவரின் அனுமதியின்றிச் சேர்த்து உட்கொண்டால் அழுத்தம் சரிந்து மயக்கம் ஏற்படலாம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

மருந்து தொடங்கும் முதல் வாரத்தில் படுக்கையறையிலிருந்து கழிவறை வரை ஒரு சிறு விளக்கை இரவு முழுவதும் எரியவிடுங்கள். வழியில் நாற்காலி, குடம், மிதியடி, வலைக்கட்டு ஆகியவை கிடக்காமல் அகற்றுங்கள். தாழ்ப்பாள் இடாமல் கதவைச் சாத்திச் செல்லுமாறு பெரியவரிடம் கூறுங்கள். உள்ளே விழுந்தால் கதவை உடைக்க நேராதிருக்கும். எழும்போது முதலில் படுக்கையின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் அமர்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, பின்னர் எழச் சொல்லுங்கள். இரவில் ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. தலைசுற்றல் தோன்றினால் நின்ற இடத்திலேயே அமரவோ படுக்கவோ செய்து, கால்களைச் சற்று உயர்த்தி வைக்கவும்.

இரவில் அடிக்கடி எழுவதைத் தவிர்க்கச் சிலர் பகல் முழுவதும் நீரைக் குறைத்துவிடுகின்றனர். இது தவறு. பகலில் போதிய நீர் அருந்தி, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைத்துக்கொள்வதே முறை. இதய, சிறுநீரக நோயாளிகள் தம் மருத்துவர் வகுத்த அளவையே பின்பற்ற வேண்டும்.

நோயாளிகள் கேட்கும் சில வினாக்கள்

வெறும் வயிற்றில் உட்கொள்ளலாமா?
டாம்சுலோசினை நாள்தோறும் ஒரே வேளை உணவுக்குப் பின், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உட்கொள்வது முறை. அல்ஃபுசோசினை உணவுக்குப் பின்னும், சைலோடோசினை உணவுடனும் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் டாம்சுலோசின் விரைந்து உறிஞ்சப்பட்டு அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கலாம். அல்ஃபுசோசினோ போதிய அளவு உறிஞ்சப்படாமல் போகலாம். மெல்ல மெல்லக் கரையும்படி அமைந்த மாத்திரைகளை மெல்லவோ, உடைக்கவோ, பொடிக்கவோ கூடாது.

மாத்திரை தொடங்கியபின் விந்து வெளிப்படவில்லை. ஆண்மை குன்றிவிட்டதா?
இல்லை. சிறுநீர்ப்பையின் வாயில் தளர்வதாலும் விந்துப் பாதையின் தசைகள் தளர்வதாலும் இவ்வாறு நேர்கிறது. சைலோடோசின், டாம்சுலோசின் ஆகியவற்றில் இது மிகுதி. உடலுக்குத் தீங்கில்லை, மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். கூச்சத்தால் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதைவிட, மருத்துவரிடம் கூறினால் வேறு மருந்து மாற்றித் தருவார். குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் இதனைத் தொடக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

மூக்கடைப்பு ஏற்படுவது ஏன்?
மூக்கினுள் உள்ள இரத்தக் குழாய்களும் தளர்ந்து விரிவதே காரணம். பெரும்பாலும் துன்பம் தராதது. இதற்காகச் சளி மாத்திரை வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

சிறுநீர் நன்றாக வருகிறது. இனிப் பரிசோதனை தேவையா?
தேவை. இறுக்கம் தளர்ந்ததால் தொல்லை குறைந்திருக்கிறது. சுரப்பி அவ்வாறே இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயும் இதே அறிகுறிகளுடன் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் கூறும் இரத்தப் பரிசோதனையையும் நேரடிப் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள். சிறுநீர்ப்பையில் நீர் தேங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்பதையும் ஸ்கேன் வழியே காண வேண்டியிருக்கும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

சிறுநீர் முற்றிலும் நின்று அடிவயிறு வலித்தல், மயங்கி விழுதல், குறிப்பாகத் தலையிலோ இடுப்பிலோ அடிபடுதல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர்த் தொல்லையுடன் குளிர்காய்ச்சல், மார்பு வலி, நான்கு மணி நேரத்திற்கு மேல் அடங்காத, வலியுடன் கூடிய குறி விறைப்பு. இவற்றுள் எது நேர்ந்தாலும் விடியும் வரை காத்திராமல் 108ஐ அழைக்கவும். வரும்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.

நிறைவாக

தொடக்கத்தில் கண்ட முறைப்பணியாளரின் சூழலை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அவர் விழுந்ததற்கு மருந்து தீயது என்பது காரணமில்லை. ஒரு வினா கேட்கப்படாமலும், ஒரு செய்தி சொல்லப்படாமலும் போனதே காரணம். கேட்பது எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்வது உங்கள் உரிமை.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது சீட்டின் பின்புறத்தில் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள். நீங்கள் உறங்கும் நேரம் எது? உங்கள் பணி எத்தகையது? வேறு எந்தெந்த மாத்திரைகளை உட்கொள்கிறீர்கள்? எழுத இயலாதவர்களுக்கு மகனோ மகளோ எழுதித் தரலாம். எங்கள் செவிலியரும் எழுதித் தருவர். அதன் பின்னர் மருத்துவர் எழுதும் ‘1’, உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்திய இடத்தில் அமையும்.